தட்டில் தெரிந்த வட்டங்கள்

பயோகெமிஸ்ட்ரி படிக்கும் தம்பி தங்கைகள் ஜார்ஜ் கோலரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1946-ல் மியூனிக்கில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைனிடம் சேர்ந்தார்.

ஆன்டிபாடி சுரக்கும் எலிச் செல் தட்டில் சில நாளில் செத்துப்போகும். புற்றுநோய்ச் செல்லுக்கோ சாவே கிடையாது. ரெண்டையும் ஒட்டவைத்தார். பலன் பார்க்கப் போன மாலையில், ஒன்றும் இருக்காது, போரடிக்குமே என்று மனைவியையும் பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப் போனாராம். தட்டெல்லாம் வட்டங்கள்! ஒரே இலக்கை மட்டும் அடையாளம் காணும் ஒரே ரக ஆன்டிபாடி, தீராமல் சுரந்தது.

1975-ல் கட்டுரை வெளியானது, காப்புரிமைதான் வாங்கவில்லை. 1984-ல் மில்ஸ்டைன், யெர்னே இருவரோடும் நோபல் பகிர்ந்தார்.

இன்று கட்டித் துண்டில் என்ன புரதம் என்று சாயமேற்றிப் பார்ப்பதில் பாதி வேலை இத்தகைய ஆன்டிபாடிகளுடையதுதான். நிணநீர்ப் புற்றுநோய்க்கு ரிட்டக்சிமாப் 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கோலர் அதைப் பார்க்கவில்லை; 1995-லேயே, 48 வயதில், போய்விட்டார்.