ஆய்வகங்களை ஆளும் கறுப்பு எலி எங்கிருந்து வந்தது? யார் இந்த அப்பி லாத்ரோப்?

2006-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். சுண்டெலியின் 39 திசுக்களில், 49 நியூக்ளியர் ரிசெப்டர் மரபணுக்கள் எங்கே, எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். அதில் பயன்பட்ட இரண்டு எலி வகைகளில் ஒன்று 'சி57 பிளாக் 6'. இந்தக் கறுப்பு எலியின் மூதாதைகள் வளர்ந்தது ஒரு முன்னாள் டீச்சரின் பண்ணையில்!

டீச்சர் டூ எலிப் பண்ணை

1868-ல் இல்லினாய்ஸில் பிறந்தவர் அப்பி லாத்ரோப். உடல்நலக் குறைவால் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, 1900 வாக்கில் மாசசூசெட்ஸின் கிரான்பி ஊருக்கு வந்தார். கோழி வளர்த்தார், கைகொடுக்கவில்லை. அடுத்து செல்லப் பிராணியாக விற்க சுண்டெலி வளர்த்தார். வாங்க வந்தவர்களில் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் பண்ணையில் 11,000 எலிகளுக்கு மேல்!

கண்ணில் பட்ட கட்டி

1908 வாக்கில் சில எலிகளின் தோலில் கட்டிகளைக் கவனித்தார். 'வியாதி எலிதானே'னு தூக்கிப் போடாமல் விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். புற்றுநோய்தான் என்று உறுதி செய்தவர் லியோ லோப். பிறகு இருவரும் சேர்ந்தே ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது: மார்பகப் புற்றுநோய் சில எலி வம்சங்களில் அதிகம், சிலவற்றில் குறைவு. சினைப்பையை அகற்றினால் நோய் குறைகிறது.

ஏன் குறைந்தது?

இதற்கான விடை அப்போது யாருக்கும் தெரியாது. முதல் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பிரித்தெடுக்கப்பட்டதே 1929-ல்தான். அது போய் ஒட்டும் ரிசெப்டரை எல்வுட் ஜென்சன் கண்டறிந்தது 1950-களின் கடைசியில். நியூக்ளியர் ரிசெப்டர் என்பது செல்லுக்குள் இருக்கும் சுவிட்ச் மாதிரி. ஹார்மோன் ஒட்டியதும் எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு அது தீர்மானிக்கும். சினைப்பை போனால் ஈஸ்ட்ரோஜன் குறையும், மார்பகத் திசுவில் சுவிட்ச் அணையும். அவ்வளவுதான் விஷயம். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமோக்சிஃபென் மருந்து குறிவைப்பதும் இதே ரிசெப்டரைத்தான்.

பார்க்காமலே போனவர்

அவரை வாட்டியது பெர்னீசியஸ் அனீமியா என்ற ரத்தசோகை. 1918-ல் அதுவே உயிரைப் பறித்தது. ஈரல் உணவால் அந்த நோயைச் சமாளிக்கலாம் என்று பாஸ்டன் மருத்துவர்கள் அறிவித்தது 1926-ல். வெறும் 8 வருட இடைவெளி!

1921-ல் கிளாரன்ஸ் லிட்டில் என்ற விஞ்ஞானி, லாத்ரோப் பண்ணை வம்சத்தின் 57-ம் எண் பெண் எலியிலிருந்து புதிய வம்சத்தை உருவாக்கினார். 'சி57' பெயரில் உள்ள 57 அந்த எலியின் நம்பர்தான். 2002-ல் முதன்முதலாக மரபணு வரைபடம் வெளியான எலியும் இந்த வம்சமே. எலிக்குப் பெயர் தந்தது அந்த நம்பர். வளர்த்தவர் பெயர் அதில் எங்கேயும் இல்லை.