ஓடாதே என்ற டாக்டர்... 7 முறை ஜெயித்த டிமார்: அந்த இதயத்துக்குள் என்னதான் இருந்தது?

1911 ஏப்ரல். பாஸ்டன் மாரத்தான் தொடங்கும் முன் ஓட்டக்காரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. 22 வயது கிளாரன்ஸ் டிமாரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த டாக்டருக்கு, துடிப்போடு சேர்ந்து 'மர்மர்' எனப்படும் இரைச்சலும் கேட்டது. களைப்பு வந்தால் பாதியிலேயே விலகிவிடு, இனிமேல் பந்தயமே வேண்டாம் என்று எச்சரித்தார். டிமார் விலகவில்லை. 2 மணி 21 நிமிடம் 39 விநாடியில் முதலாவதாக வந்து, அந்தப் பந்தயத்தின் சாதனையையும் முறியடித்தார். (அப்போது தூரம் இன்றைய 42.195 கி.மீ.யைவிடக் குறைவு.)

யார் இவர்?

1888-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, குடும்பம் மாசசூசெட்ஸுக்கு இடம் மாறியது. அச்சகத்தில் கம்பாசிட்டர் வேலைதான் பிழைப்பு. தனியாகப் பயிற்சிக்கு நேரம் ஏது? வேலைக்கு ஓடியே போவார், ஓடியே வருவார்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்குப் பிறகு, சுமார் 10 ஆண்டுகள் மாரத்தானை விட்டுப் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார். டாக்டர்களின் எச்சரிக்கை, படிப்பு, போட்டி போடுவது சரியா என்ற மதம் சார்ந்த தயக்கம், முதல் உலகப்போர் என்று காரணங்கள் பல. ஓட்டக்காரருக்கு அதுதான் பொன்னான வயசு!

1922-ல் திரும்பி வந்து ஜெயித்தார். 1923, 1924, 1927, 1928, 1930 என வெற்றிகள் தொடர்ந்தன. பாரிஸ் ஒலிம்பிக்கில் (1924) வெண்கலம். கடைசி வெற்றியின்போது வயது 41. பாஸ்டனில் அதைவிட அதிக வயதில் ஜெயித்த ஆண் இன்றுவரை இல்லை.

டாக்டர்கள் ஏன் பயந்தார்கள்?

நீண்ட தூரம் ஓடும்போது இதயத்துக்கு நிறைய ரத்தம் வந்து சேரும். வருடக்கணக்கில் இப்படி நடந்தால் இடது கீழறை விரியும், சுவரும் கொஞ்சம் தடிக்கும். ஒரே துடிப்பில் அதிக ரத்தம் வெளியேறுவதால், ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 40 வரைகூட இறங்கலாம். ஆபத்தில்லாத மர்மரும் கேட்கலாம். ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் இதயம் பெரிதாக இருப்பதை 1899-லேயே கவனித்திருந்தார். ஆனால் பெரிய இதயம் என்றாலே நோய் என்று நினைத்த காலம் அது. எக்கோ ஸ்கேனும் கிடையாது.

பிரேதப் பரிசோதனை சொன்னது

1954-ல், 65 வயதிலும் பாஸ்டனில் ஓடிய டிமார், 1958-ல் குடல் புற்றுநோயால் இறந்தார். வயது 70. அவரது இதயத்தை ஆராய்ந்த முடிவுகளை ஜேம்ஸ் கரன்ஸும், அதிபர் ஐசனோவருக்கு சிகிச்சை அளித்த இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட்டும் 1961-ல் வெளியிட்டார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகள் வழக்கத்தைவிட 2 முதல் 3 மடங்கு அகலமாக இருந்தன! கொழுப்புப் படிவு அங்கேயும் இருந்தது. ஆனால் குழாய் அகலம் என்பதால் ரத்த ஓட்டத்துக்குப் பெரிய தடை இல்லை.

அப்படின்னா டாக்டர் பேச்சைக் கேட்க வேண்டாமா?

அப்படியில்லை. டிமார் ஒரே ஒரு ஆள். பிறவியிலேயே அவர் தமனிகள் அகலமா, ஓடி ஓடி அகலமானதா என்று ஒரு பிரேதப் பரிசோதனையை வைத்துச் சொல்ல முடியாது. பரம்பரையாக வரும் இதயத்தசை தடிப்பு நோயும் சில நேரம் பயிற்சி பெற்ற இதயம் போலவே தெரியும். அது விளையாட்டு வீரர்களின் உயிரைப் பறித்திருக்கிறது. பல ஆண்டுகள் கடுமையாகப் பயிற்சி செய்யும் ஆண்களுக்கு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இன்று இரண்டையும் பிரித்துப் பார்க்க இ.சி.ஜி., எக்கோ இருக்கின்றன. ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலோ, முதலில் அந்தப் பரிசோதனை. ஓட்டம் அதற்கப்புறம்.