மிட்டாய் ஜாடிக்குள் ஒரு கடல்

கடல் மீனைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டால் செத்துப்போகும். கடல் தண்ணீரையே குடத்தில் மொண்டு வந்து அதில் விட்டாலும், சில நாளில் தண்ணீர் நாறிவிடும். மீன் மிதந்துவிடும்.

அப்படிப்பட்ட கடல் உயிர்களை ஒரு மிட்டாய்க் கடை ஜாடியில் வாரக்கணக்கில் வாழ வைத்துக் காட்டினார் ஒருவர். அவர்தான் இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த பிலிப் ஹென்றி கோஸ்.

‘அக்வேரியம்’ என்று இன்று உலகமெல்லாம் சொல்கிறார்கள் அல்லவா? மீன் தொட்டிக்கு அந்தப் பெயரை நிலைக்கச் செய்தவரும் அவரே.

அந்த ஜாடியால் அவருக்குப் புகழ் வந்தது, பணம் வந்தது. கடைசியில் பெரிய மனவருத்தமும் வந்தது!

ஓவியர் மகன்

பிலிப் 1810-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் ஓர் ஏழை ஓவியர். ஊர் ஊராகச் சென்று, மனிதர்களின் முகத்தைச் சிறு படமாக வரைந்து கொடுப்பது அவருடைய தொழில்.

பூல் என்ற துறைமுக ஊரில் பிலிப் வளர்ந்தார். அங்கே அவருக்கு ஓர் அத்தை இருந்தார். கடற்கரைப் பாறைகளில் ‘கடல் சாமந்தி’ என்று ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்குப் பூப்போல இருக்கும். ஆனால் அது பூ அல்ல. இரை பிடித்துத் தின்னும் பிராணி. அதைக் கடல் நீரில் போட்டு வளர்த்துப் பார்க்கும்படி சிறுவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்த அத்தைதான்.

வீட்டு வறுமையால் படிப்பு நீடிக்கவில்லை. 17 வயதில் கப்பல் ஏறி, நியூபவுண்ட்லாந்து தீவுக்குக் குமாஸ்தா வேலைக்குப் போனார். பிறகு கனடாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார். கைப்பொருள் போனதுதான் மிச்சம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் சில மாதங்கள் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். 1839-ம் ஆண்டு ஊர் திரும்பினார்.

எங்கே போனாலும் ஒரு பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. பூச்சிகளையும் பறவைகளையும் உற்றுப் பார்ப்பார். தகப்பனாரிடமிருந்து வந்த கைத்திறமையால் அவற்றைப் படமாக வரைவார். அவற்றைப் பற்றிப் புத்தகங்களும் எழுதினார்.

1848-ம் ஆண்டு எமிலி என்ற பெண்மணியை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் எட்மண்ட் பிறந்தான். மகன் பிறந்த அன்று, ஜமைக்கா தீவிலிருந்து ஓர் அபூர்வப் பறவையும் வந்து சேர்ந்தது. இரண்டு செய்தியையும் ஒரே குறிப்பாக நாட்குறிப்பில் எழுதி வைத்தார் பிலிப்!

ஜாடியின் ரகசியம்

ஓயாத உழைப்பால் உடல் கெட்டது. 1852-ம் ஆண்டு, ஓய்வுக்காகக் குடும்பத்துடன் டெவன் கடற்கரைக்குப் போனார். அங்கேதான் மிட்டாய் ஜாடிச் சோதனை நடந்தது.

கடலில் அலை அடிக்கிறது. அதனால் காற்று தண்ணீரில் கலக்கிறது. ஜாடியில் அலை ஏது?

அந்த வேலையைக் கடல்பாசி செய்யும் என்று பிலிப் நம்பினார். பாசி வெயிலில் பிராணவாயுவை வெளியிடும். மீனும் நண்டும் அதைச் சுவாசிக்கும். அவை விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், தங்க மீன்களை வைத்து இந்த முறையை 1850-லேயே விளக்கியிருந்தார். அது நல்ல தண்ணீர். பிலிப் அதைக் கடல் நீரில் செய்து பார்த்தார்.

பாசியைப் பிய்த்து எடுத்துப் போட்டால் அது அழுகிவிடும். ஆகவே சுத்தியலும் உளியும் கொண்டு போய், பாசி ஒட்டியிருக்கும் கல்லையே பெயர்த்து எடுத்து வந்தார். ஜாடிக்குள் வைத்தார். சிறு பிராணிகளை விட்டார். தண்ணீரை மாற்றாமலே வாரக்கணக்கில் அவை உயிரோடு இருந்தன!

சின்ன ஜாடியில் ஓர் ஆபத்து உண்டு. ஒரே ஒரு பிராணி செத்துக் கிடந்தாலும் தண்ணீர் முழுவதும் கெட்டுவிடும். பிராணிகள் அதிகமானால் மூச்சு முட்டும். தண்ணீர் ஆவியாகிக் குறையும். உப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மேலும் உப்பு நீர் ஊற்றினால் கரிப்பு ஏறி உயிர்கள் மாளும்.

உப்பு நான்கு

1853-ம் ஆண்டு, லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். பொதுமக்கள் பார்ப்பதற்கென்று அமைந்த முதல் மீன் காட்சிசாலை அது. அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் பிலிப்பும் ஒருவர்.

கடற்கரையில் வசிக்காதவர்கள் கடல் நீருக்கு எங்கே போவார்கள்? அதற்கும் 1854-ல் வழி சொன்னார். சமையல் உப்பு, பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. இந்த நான்கையும் அளவோடு நல்ல தண்ணீரில் கரைத்தார். முதலில் பாசியை விட்டார். சில நாள் கழித்துப் பிராணிகளை விட்டார். அவை பிழைத்தன!

அதே ஆண்டு ‘தி அக்வேரியம்’ என்ற புத்தகம் வெளிவந்தது. வண்ணப் படங்களை அவரே வரைந்திருந்தார். புத்தகம் பரபரப்பாக விற்றது.

கண்ணாடி வரி 1845-ல் நீங்கியதால் கண்ணாடி மலிந்திருந்தது. கடற்கரைக்கு ரயிலும் ஓடியது. வசதி உள்ள வீடுகளில் எல்லாம் கண்ணாடித் தொட்டி வந்தது. கூடையும் உளியுமாக ஜனங்கள் கடற்கரைக்குக் கிளம்பினார்கள்.

கரை வெறுமையானது

1857-ம் ஆண்டு, மார்பில் வந்த புற்றுநோயால் எமிலி இறந்தார். அதே ஆண்டு, உலகம் படைக்கப்பட்ட விதம் பற்றி பிலிப் எழுதிய புத்தகத்தை அறிஞர்கள் ஏற்கவில்லை. அந்த ஆண்டிலேயே பிலிப், எட்டு வயது மகனுடன் டெவன் கடற்கரையிலேயே குடியேறினார். தகப்பனும் பிள்ளையும் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பாறைக் குட்டைகளில் உயிர்களைத் தேடினார்கள். கடல் சாமந்திகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1860-ல் முடிந்தது.

ஆனால் கரை மாறிக்கொண்டே வந்தது. ஆசைப்பட்டு வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கொண்டு போனவற்றில் பெரும்பாலானவை தொட்டியில் செத்தன. செத்ததற்குப் பதிலாக மறுபடி அள்ள வந்தார்கள். பூந்தோட்டம்போல் இருந்த பாறைக் குட்டைகள் வெறுமையாகிவிட்டன.

ஆசையைக் கிளப்பியது தம்முடைய புத்தகமே என்பதை அறிந்து பிலிப் மனம் நொந்தார். 1888-ல் அவர் காலமானார். அந்த வருத்தத்தை மகன் எட்மண்ட் 1907-ல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இன்று சின்னத் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பவர்களுக்கு மின்சாரப் பம்பு உண்டு. பொட்டலத்தில் கடல் உப்பு உண்டு. கழிவின் நஞ்சை முறிக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றிய அறிவும் உண்டு. இருந்தாலும் பிலிப்பின் பழைய விதி மாறவில்லை. ஜாடிக்குள் எத்தனை உயிர் தாங்குமோ, அத்தனைதான் விடலாம்.

கரையிலிருந்து எடுப்பதற்கும் அதே அளவு உண்டு. அதைத்தான் அன்றைய ஜனங்கள் மறந்துவிட்டார்கள்.