டாக்டர் மக்லகனும் ஆற்றுப்பாலைப் பட்டையும்

மூட்டுவாத ஜ்வரத்தின் கொடுமை கண்டவர்களுக்கே தெரியும். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக மூட்டுக்கள் வீங்கிச் சிவக்கும். போர்வை பட்டாலும் நோயாளி துடிப்பான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய வைத்தியர்கள் இதற்கு இரத்தம் வடித்தனர். கார மருந்துகளும் எலுமிச்சம் சாறும் கொடுத்தனர். எதைக் கொடுத்தாலும் பல வாரங்கள் படுக்கைதான். இந்நிலையை மாற்றியவருள் முன்னின்றவர் டாக்டர் தாமஸ் ஜான் மக்லகன்.

1838ல் ஸ்காட்லாந்தில் பிறந்து எடின்பரோவில் வைத்தியம் கற்ற அவர், 1864 முதல் இரண்டாண்டுகள் டண்டீ நகர வைத்தியசாலையின் தலைமை வைத்தியராயிருந்தார். வங்காளத்துச் சணலை நூற்றுச் செழித்த நகரம் அது. நெருக்கமான குடியிருப்புகளில் விஷ ஜ்வரம் பரவிற்று. நோயாளியின் உஷ்ணத்தைக் கருவி வைத்து அளந்து குறிக்கும் வழக்கம் அப்பொழுது அபூர்வம். மக்லகன் அதைக் கைக்கொண்டார். பின்னர் அவர் கண்ட வெற்றிக்கு இப்பழக்கமே வித்தென்பது நமது எண்ணம்.

1874ல் அவருக்கு ஒரு யுக்தி தோன்றிற்று. மூட்டுவாதம் தாழ்ந்த, ஈரமான நிலங்களில் மிகுதி. எனவே அதன் மருந்தும் அத்தகைய நிலத்திலேயே விளைந்திருக்கும் என்று எண்ணினார். நீரோரம் வளரும் வில்லோ மரம் நினைவுக்கு வந்தது. நமது ஆற்றுப்பாலை அதே இனத்தது. அதன் பட்டையிலிருந்து சாலிஸின் என்னும் கசப்புப் பொருளை மியூனிக் நகர ரசாயன அறிஞர் புக்னர் 1828லேயே பிரித்திருந்தார்; கொயினாவுக்கு மலிவான மாற்று என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

மக்லகனின் யுக்தி முழுதும் தவறு. நோய் பிறந்த மண்ணிலேயே மருந்தும் பிறக்கும் என்று இயற்கை யாருக்கும் வாக்களிக்கவில்லை. ஆனால் யுக்தியை நம்பி மருந்தைப் புகழ்ந்து விடாமல், அவர் அதை விசாரணைக்கு உட்படுத்தினார். முதலில் தாமே 5 கிரெயின், பிறகு 10, பிறகு 30 கிரெயின் உண்டு பார்த்தார், தீங்கில்லை. அதன் பின்னரே நோயாளி ஒருவருக்கு மூன்று மணிக்கொரு முறை 12 கிரெயின் கொடுத்தார். ஒரு நாளைக்குள் ஜ்வரமும் வலியும் தணிந்தன. ஜ்வரம் இறங்கியதற்கு உஷ்ணமானியே சாட்சி. வைத்தியரின் ஆவல் அதன் ரசத்தை இறக்கிவிட இயலாது.

1876 மார்ச்சு மாதம் லான்ஸெட் பத்திரிகையில் எட்டு நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். எட்டுப் பேர் என்பது குறைவே. மருந்து பெறாதவரோடு ஒப்பிட்டுக் காட்டவும் இல்லை. இக்கால நீதிமன்றம்போல் கேட்டால் வழக்கு நிற்காது. எனினும் வாரக்கணக்கில் நீளும் நோய் ஓரிரு நாளில் அடங்கியதை வெறும் தற்செயல் என்று தள்ளுவதும் கடினம். அதே ஆண்டில் பெர்லினில் ஸ்ட்ரிக்கரும், மறு ஆண்டில் பாரிஸில் ஜெர்மேன் ஸேயும் இதற்கு நெருங்கிய உறவான சாலிஸிலிக் அமிலத்தால் ஒத்த பலன் கண்டனர். அமிலம் வயிற்றைப் புண்படுத்தும், சாலிஸினே சாது என்று மக்லகன் வாதாடினார்.

மருந்து வலியையும் வீக்கத்தையும் தணித்தது. அந்த ஜ்வரம் இருதய வால்வுகளுக்குச் செய்யும் கேட்டை அது தடுக்கவில்லை. அதற்குப் பெனிஸிலின் வரவேண்டியிருந்தது. அழற்சியை இவ்வகை மருந்து அடக்கும் விதமோ 1971ல் ஜான் வேன் ஆராய்ந்து கூறும்வரை விளங்கவில்லை.

மக்லகன் பின்னர் லண்டன் சென்று, கார்லைலுக்கும் அரச குடும்பத்தினர்க்கும் வைத்தியரானார். அமிலத்தின் கடுமையைக் குறைத்துச் செய்த ஆஸ்பிரின் 1899ல் கடைகளுக்கு வந்தது. நான்காண்டுகள் கழித்து, 1903ல், அவர் காலமானார்.