ஏற்காடு அடிவாரத்தில் ஒரு 'சினிமா மில்': டி.ஆர்.சுந்தரம் ஜெயித்தது எப்படி?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு. ஒன்று, குப்பனூர் வழி. இன்னொன்று, 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மெயின் ரோடு. குப்பனூர் வழியாகப் போகிறவர்கள் ஒன்றைப் பார்க்காமலேயே போய்விடுவார்கள். மெயின் ரோட்டில், மலை ஏறுவதற்கு முன் சாலையோரம் நிற்கும் பழைய நுழைவாயில் வளைவுதான் அது. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் அடையாளமாக இன்று மிஞ்சியிருப்பது அந்த வளைவுதான். அதை உருவாக்கியவர் டி.ஆர்.சுந்தரம்.

யார் இவர்?

1907-ல் திருச்செங்கோட்டில், வசதியான ஜவுளிக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். ஊர் திரும்பியவர் குடும்பத் தொழிலோடு நிற்காமல் சினிமா பக்கம் வந்தார். வேறொருவருடன் கூட்டு சேர்ந்து படமெடுத்துத் தொழில் பழகிய பிறகு, 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். கையில் பணம் இருந்தது உண்மைதான். ஆனால், அந்தக் காலத்தில் பணத்தோடு சினிமாவுக்கு வந்து ஒன்றிரண்டு படங்களோடு காணாமல் போனவர்கள் ஏராளம்.

என்ன வித்தியாசமாகச் செய்தார்?

ஸ்டூடியோவை ஒரு மில் மாதிரி நடத்தினார். எல்லோருக்கும் அவர் 'முதலாளி'. குறித்த நேரத்துக்கு வேலை தொடங்கியாக வேண்டும். எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. எழுத்தாளர்களும் கலைஞர்களும் மாதச் சம்பளத்தில் வேலை பார்த்தார்கள். கருணாநிதி, கண்ணதாசன் இருவரும் இங்கே எழுதியவர்கள்தான்.

முதலாளி என்பதற்காக அவர் கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. பல படங்களைத் தானே இயக்கினார். 1950-ல் 'மந்திரி குமாரி'யை இயக்கிக்கொண்டிருந்த எல்லிஸ் ஆர்.டங்கன் பாதியில் அமெரிக்கா கிளம்பியபோது, மீதியை முடித்துக் கொடுத்ததும் சுந்தரம்தான்.

பலன் என்ன?

* 1938: முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்'.
* 1940: பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்'.
* 1952: அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்'.
* 1956: தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'.
* 1961: மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு'.

மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த மொத்தப் படங்கள் 100-க்கும் மேல்.

இன்று ஏன் பேச வேண்டும்?

கடின உழைப்பு என்றதும் ராத்திரி பகலாக லேப்டாப் முன்னால் உட்காருவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. சுந்தரத்தின் உழைப்பு வேறு மாதிரி. ஒரு படம் ஓடியதும் ஓய்ந்துவிடாமல், தோற்றதும் துவண்டுவிடாமல், அடுத்த நாள் அதே நேரத்துக்கு வேலையைத் தொடங்கும் ஒழுங்கு அது. அந்த ஒழுங்கு இருந்ததால்தான் வண்ணப்படம் மாதிரியான ரிஸ்க்குகளை அவரால் துணிந்து எடுக்க முடிந்தது.

1963-ல், 56 வயதில் அவர் காலமானார். மகன் ராமசுந்தரம் படங்களைத் தொடர்ந்து எடுத்தார். பிறகு ஒரு கட்டத்தில் ஸ்டூடியோ மூடப்பட்டது. கட்டடங்கள் போய்விட்டன. ஆனால், பெரிய நகரத்தில் இருந்தால்தான் பெரிதாக வளர முடியும் என்று யாராவது சொன்னால், சேலத்துக்காரர்களிடம் பதிலாகச் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது.