தியான் சந்தும் கோல் கணக்கும்

லீக் பந்தயங்களில் இரு கோஷ்டியார் சமமான புள்ளிகள் பெற்று நிற்பதுண்டு. அவருள் முந்தியவர் யாரெனத் துணிதற்கு விதிகள் உள. இக்காலத்துச் சர்வதேச ஹாக்கியில், முதற்கண் வென்ற ஆட்டங்களின் தொகையும், அதுவும் ஒத்திருப்பின் அடித்த கோல்களினின்று வாங்கிய கோல்களைக் கழித்த எச்சமும், பின்னர் அடித்த கோல்களின் தொகையும் நோக்கப்பெறும். இத்தகைய விதிகளின் துணையை வேண்டாமலே மும்முறை ஒலிம்பிக் வெற்றி எய்திய வீரரின் சரித்திரம் நம் மாணாக்கர் அறியத்தக்கது.

தியான் சந்த் 1905 ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 ஆம் நாள் அலகாபாத்தில் ஓர் இராணுவ ஊழியரின் புதல்வராய்ப் பிறந்தார். 1922 இல் தாமும் சிப்பாயாகச் சேர்ந்து, பணி முடிந்தபின் நிலவொளியில் ஆடிப் பயின்றார் என்பர். 1926 இல் இராணுவக் கோஷ்டியுடன் நியூஸிலாந்து சென்று புகழுடன் மீண்டார்.

1928 இல் ஆம்ஸ்டர்டாம் நகரில், ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்ஸர்லாந்து ஆகிய நால்வரையும் இந்தியர் வென்றனர். அடித்த கோல்கள் 26, வாங்கியது ஒன்றுமில்லை. அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்து ஈவு காணும் முறை அந்நாளில் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் வழங்கிற்று. சூனியத்தால் வகுத்தல் கூடாதாகையால், அம்முறை இந்தியரை அளக்க வல்லதன்று! இறுதியில் ஹாலந்தை 3-0 என வென்றனர். ஆக 29 கோல்களில் 14 தியான் சந்தினுடையவை.

1932 இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆடியவர் மூவரே. இந்தியர் ஜப்பானை 11-1 எனவும், அமெரிக்காவை 24-1 எனவும் வென்றனர். இரண்டு ஆட்டங்களிலும் தோற்ற அமெரிக்கர் வெண்கலப் பதக்கம் பெற்றனர். பட்டியல் இடத்தைக் காட்டுமேயன்றித் தகுதியை எப்போதும் காட்டாது என்பதற்கு இதுவே சான்று.

1936 இல் பெர்லினில் அவரே தலைவர். பந்தயத்திற்கு முன் நிகழ்ந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியரிடம் 4-1 எனத் தோற்றனர். எப்பட்டியலிலும் ஏறாத அத்தோல்வியை அவர் இலேசாகக் கருதினாரல்லர். தாராவை இந்தியாவிலிருந்து வரவழைத்தனர். பிரிவு ஆட்டங்கள் மூன்றிலும் 20 கோல்கள் அடித்து, ஒன்றும் வாங்காது, அரையிறுதியில் பிரான்ஸை 10-0 எனவும், ஆகஸ்டு 15 இல் அதே ஜெர்மனியரை 8-1 எனவும் வீழ்த்தினர்.

1956 இல் மேஜராக ஓய்வு பெற்று, அவ்வாண்டே பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1979 டிசம்பர் 3 இல் காலமானார். அவர் பிறந்த நாளே தேசிய விளையாட்டு தினம்.

ஓசூர், கிருஷ்ணகிரி முதலிய எல்லைப்புற ஊர்களினின்று வந்து கல்லூரிக் கோஷ்டிகளில் ஆடும் இளைஞர்காள்! வென்றுவிட்டோமெனக் கடைசி நிமிஷங்களில் சோர்ந்து வாங்கும் ஒரு கோல், பருவ முடிவில் உங்கள் இடத்தைப் பறிக்கக்கூடும். இறுதி விசில் ஒலிக்குமளவும் ஆட்டம் முடிந்ததன்று.