மலை ஏறாமலே மறுபக்கம்

போன செமஸ்டரில் டன்னல் டயோடு கேள்விக்கு, எலக்ட்ரான் தடுப்பைத் தாண்டுவதற்குக் கொஞ்சம் ஆற்றலைக் கடன் வாங்கிக்கொள்கிறது என்று எழுதி வைத்தேன். மார்க் போச்சு. அந்தக் கோபத்தில் நூலகத்தில் தேடியபோது அகப்பட்டவர்தான் ஜார்ஜ் காமாவ்.

1904-ல் ஒடெசாவில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள். லெனின்கிராடில் படித்துவிட்டு 1928 கோடையில் ஜெர்மனியில் உள்ள கெட்டிங்கனுக்குப் போனார். வயது 24. மற்றவர்கள் எல்லாம் எலக்ட்ரான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் அணுக்கருவுக்குள் எட்டிப் பார்த்தார்.

அங்கே ஒரு புதிர். சுமார் 88 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஆல்பா துகளை வெளியிலிருந்து எறிந்தாலும் யுரேனியம் கருவுக்குள் நுழைய முடியவில்லை. ஆனால் அதே கருவுக்குள்ளிருந்து வெறும் 42 லட்சம் உள்ள ஆல்பா வெளியே வந்துவிடுகிறது! நம்ம கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறத் தெம்பில்லாத வண்டி, கல்வராயன் மலைக்கு அந்தப்புறம் போய் நின்றால் எப்படி இருக்கும்?

காமாவ் புதிய குவாண்டம் கணக்கைப் போட்டார். துகள் அலையாகவும் நடப்பதால் தடுப்புக்குள் அது சட்டென்று அறுந்துவிடாது. தேய்ந்து தேய்ந்து மறுபக்கம் கொஞ்சம் எட்டிவிடும். வெளியே வரும்போது ஆற்றல் உள்ளே இருந்த அதே அளவுதான். கடனுமில்லை, வட்டியுமில்லை. குறைவது வாய்ப்பு மட்டுமே. (இதைத்தான் நான் கோட்டை விட்டேன்.) தடுப்பு தடிக்கத் தடிக்க வாய்ப்பு மளமளவென்று சரியும். அதனால்தான் யுரேனியம் 238 பாதியாகக் கரைய ஏறத்தாழ 450 கோடி வருஷம். பொலோனியம் 212-க்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். அதே வருஷம் அமெரிக்காவில் கர்னியும் காண்டனும் தனியாக இதே விடையைக் கண்டார்கள்.

ஆனால் அவர் சொந்த வாழ்க்கையில் தடுப்பு லேசாக விடவில்லை. சோவியத் அரசு வெளிநாடு போக அனுமதி மறுத்தது. 1932-ல் மனைவியோடு கிரிமியாவிலிருந்து ஒரு சின்னத் துடுப்புப் படகில், கருங்கடலைத் தாண்டித் துருக்கி போகக் கிளம்பிவிட்டார். சுமார் 270 கிலோமீட்டர்! தின்ன முட்டையும் சாக்லேட்டும். புயல் திருப்பி அடித்துக் கரையில் தள்ளியது. 1933-ல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டுக்கு அனுமதி கிடைத்தது. அடம்பிடித்து மனைவிக்கும் வாங்கினார். போனவர் திரும்பவே இல்லை.

பிறகு அமெரிக்காவில் பேராசிரியர். பாமரருக்கும் புரிகிற மாதிரி அறிவியல் புத்தகங்கள் எழுதினார். அதற்காக 1956-ல் யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுக்குப் பணம் கொடுத்தவர் நம்ம ஒரிசாவின் பிஜு பட்நாயக். 1968-ல் காமாவ் காலமானார்.

நான் அக்டோபரில் அரியர் எழுதுகிறேன்.